பூவை நிமிர்த்தும் பழைய பின் ஹோல்டர்கள்

அகன்ற கிண்ணத்தில் பூந்தண்டை நினைத்த இடத்தில், நினைத்த சாய்வில் நிறுத்திப் பிடிக்கும் சிறு கருவியை மேல்நாடுகளில் ஃப்ளவர் ஃப்ராக் என்கிறார்கள். நம் ஊரில் பூ அலங்காரம் கற்றவர்களிடம் கேட்டால் பின் ஹோல்டர் என்பார்கள். கனத்த ஈயத் தட்டில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிற்கும் வகையே இங்கு எல்லோருக்கும் தெரிந்தது. துளையிட்ட கண்ணாடிக் குமிழ், துளையுள்ள பீங்கான் பொம்மை, கம்பிக் கூடு, கொண்டை ஊசிபோல் வளைந்த கம்பிகள் நிறைந்த தட்டு என்று வேறு வகைகளும் உண்டு. எந்த வகையானாலும் கிண்ணத்தின் அடியில், தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு பூவைத் தாங்கும்.

ஊசித் தட்டுக்கு ஜப்பானில் கென்ஸான் என்று பெயர். அது பரவியதற்கு ஒஹாரா உன்ஷின் (1861–1916) என்ற கலைஞர் முக்கியக் காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேல்நாட்டுப் பூச்செடிகள் ஜப்பானுக்கு வந்து குவிந்தன. அவற்றில் பலவற்றின் தண்டு குட்டை. பழைய முறைப்படி உயரமான ஜாடியில் வைத்தால் எடுபடவில்லை. ஆழமில்லாத தட்டில் தண்ணீர் நிரப்பி, அதில் பூக்களைக் குவித்து நிறுத்தும் மொரிபானா முறையை அவர் வகுத்தார். தட்டில் பூ நிற்க வேண்டுமானால் அடியில் ஒரு பிடிமானம் வேண்டுமே! ஒன்றோடொன்று பிணைந்த வளையங்களாலான ஷிப்போவும் ஊசித் தட்டும் அந்தத் தேவைக்கு உதவின. அவர் தொடங்கிய ஒஹாரா பள்ளிக்குச் சென்னையிலும் கிளை உண்டு. இகெபனா என்னும் ஜப்பானியப் பூ அலங்காரம் கற்கும் சென்னைக்காரர்கள் வகுப்பில் முதலில் கையில் எடுக்கும் கருவியும் ஊசித் தட்டுதான்.

மேல்நாட்டு வரலாறு தனி. 18ஆம் நூற்றாண்டிலேயே மேல்பரப்பில் துளைகள் கொண்ட செங்கல் வடிவப் பீங்கான் பெட்டிகளில் பூ வைத்தார்கள். கண்ணாடிக் குமிழ்களும் நடனப் பெண் உருவங்களும் 1920களிலும் 30களிலும் வீட்டுக்கு வீடு இருந்தன. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கோவன் பாட்டரி செய்த பெண் உருவங்களை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். காலடியில் உள்ள துளைகளில் பூக்களைச் செருகினால், தோட்டத்தின் நடுவே ஒருத்தி ஆடுவதுபோல் தெரியும். அதே காலத்தில் ஜப்பானும் மினுமினுக்கும் மெருகு பூசிய பீங்கான் பறவைகளைச் செய்து ஏற்றுமதி செய்தது.

இவை மேசையை விட்டு இறங்கியதற்கு ஒரு பச்சைப் பஞ்சு காரணம். 1954இல் ஒஹாயோவைச் சேர்ந்த வெர்னன் ஸ்மிதர்ஸ், தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் நுரைக்கட்டியைப் பூ வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார். ஓயாஸிஸ் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. கத்தியால் வெட்டலாம், எந்தப் பக்கமும் குத்தலாம், வேலை முடிந்தால் குப்பையில் போடலாம். கல்யாண மேடைகளில் இன்றும் அதுதான் ஆட்சி செய்கிறது. ஆனால் அது மட்கிப் போகாத பிளாஸ்டிக். உதிரும் துகள்களை நீர்வாழ் உயிரினங்கள் உண்பதை மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் 2021 முதல் அதற்குத் தடை விதித்தது. நூறு வருஷம் உழைக்கும் ஊசித் தட்டை ஒதுக்கிவிட்டு ஒரு நாள் உழைக்கும் நுரையை எடுத்துக்கொண்டது நல்ல பேரம் அல்ல.

சென்னையின் சாந்தோம் போன்ற இடத்தில் பின் ஹோல்டருக்கு இரட்டைப் பொருத்தம் உண்டு. ஒரு பக்கம் 1896இல் எழுந்த இன்றைய தேவாலயமும் அதன் பீட அலங்காரமும். மறுபக்கம், நடந்து போகும் தூரத்தில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய பூக்கடைகள். கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கு பீடத்துப் பூவுக்கு அளவு சொல்கிறது. பூக்கள் பீடத்தின் மேல் குவியாமல் அதைச் சுற்றி மிதமாக இருக்க வேண்டும். தவக்காலத்தில், சில நாட்கள் நீங்கலாக, பூவே கூடாது. மூன்று நான்கு தண்டுகளைக் கொண்டே நிறைவு காட்டும் பின் ஹோல்டர் இந்த மிதத்துக்கு ஏற்றது.

மயிலாப்பூர்ப் பூக்கடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பூக்கள் தொடுப்பதற்கென்றே பறிக்கப்படுபவை. மல்லி, முல்லை, சாமந்தி, அரளி எல்லாம் காம்பை ஒட்டக் கிள்ளி, முழம் போட்டோ எடை போட்டோ விற்கப்படுகின்றன. ஊசியில் குத்தத் தண்டு கிடையாது. ஆகவே வாங்கும்போதே தண்டோடு கேட்க வேண்டும். சம்பங்கியில் ஓரடுக்கு ரகம் உதிரியாக மாலைக்குப் போகும், பல அடுக்கு ரகம் நீண்ட தண்டோடு பூங்கொத்துக்கு வரும். அந்த இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும் ஜெர்பராவும் தண்டோடுதான் வருகின்றன. காசு கொடுக்காமலும் கிடைப்பவை உண்டு: வாசலோரக் கல்வாழை, குரோட்டன் இலை, பூவரசங்கிளை. குருத்து ஞாயிறு முடிந்ததும் மிஞ்சும் குருத்தோலையை மடித்துச் செருகினால் தனி அழகு.

தண்டைக் குத்துவதிலும் முறை இருக்கிறது. மெல்லிய தண்டைக் குறுக்கே நேராகவும், மரக்கிளையைச் சாய்வாகவும் வெட்ட வேண்டும். கிளை தடிமனாக இருந்தால் அடியில் சிலுவைபோல் கீறிக்கொள்ளலாம். முதலில் செங்குத்தாக ஊசிக்குள் அழுத்தி இறக்கி, அது பிடித்த பிறகே வேண்டிய பக்கம் சாய்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் சாய்வாகக் குத்தினால் தண்டு நழுவிக்கொண்டே இருக்கும். ஜெர்பராவைப்போல் உள்ளே குழாயான தண்டு பிளந்துகொள்ளும்; அடிப்பகுதியை நூலால் இரண்டு சுற்று கட்டிவிட்டால் நிற்கும். ஊசிக்கு அகப்படாத ஒல்லித் தண்டை, வெட்டி எறிந்த தடித்த தண்டுத் துண்டுக்குள் செருகி அந்தத் துண்டைக் குத்தலாம்.

தண்டுகளின் அளவுக்கு, 1927இல் தொடங்கிய ஸோகெட்ஸு என்ற இகெபனா பள்ளியின் கணக்கு எளிது. கிண்ணத்தின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்தில் முதல் தண்டு. அதில் முக்கால் பங்கு இரண்டாவது, இரண்டாவதில் முக்கால் பங்கு மூன்றாவது. 20 செ.மீ. அகலமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள பித்தளை உருளியை எடுத்துக்கொண்டால், தண்டுகள் ஏறத்தாழ 37, 28, 21 செ.மீ. வரும். முதலாவது ஏறக்குறைய நேராக நிற்க, இரண்டாவது பாதி சாய்ந்து, மூன்றாவது நன்றாகத் தாழ்ந்தால் போதும். ஒரு சம்பங்கித் தண்டு, ஒரு குரோட்டன் கிளை, தாழ்வாக ஒரு ரோஜா. இதற்கு மேல் அடுக்கினால் அழகு குறையும்.

சென்னை வீட்டில் தண்ணீரைத் தினமும் மாற்றுவது கட்டாயம். வெயிலில் அழுகும் தண்டு ஒரு காரணம்; டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பது பெரிய காரணம். கடலோரப் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பூ சீக்கிரம் வாடும்; மெட்ரோ தண்ணீர் ஊற்றுவது நல்லது. உப்புக் காற்று இரும்புக் கம்பிக் கூட்டைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் நனைந்ததைத் துடைத்துக் காயவைத்தே எடுத்துவைக்க வேண்டும்.

பழைய ஊசித் தட்டில் கவனிக்க வேண்டியது ஈயம். ஈயம் நஞ்சு; குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத உயரமே அதற்கு இடம். கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரத்தில் வைக்கவே கூடாது. பூவுக்கென்று ஒரு கிண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். பித்தளை என்று பார்த்ததும் புளியைத் தேடுவது நம் வழக்கம். இங்கே புளியும் வினிகரும் ஆகாது. அவற்றின் அமிலம் ஈயத்தை அரிக்கும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். வளைந்த ஊசியின் மேல் சிறு உலோகக் குழாயைச் செருகி மெல்ல நிமிர்த்தலாம். கண்ணாடிக் குமிழுக்கு இந்தப் பயம் இல்லை. உப்புத் தண்ணீர் விட்ட வெள்ளைப் படிவம் வினிகர் கலந்த நீரில் ஊறினால் போய்விடும்.

வாங்க விரும்புகிறவர்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொருள் விரிக்கும் பக்கம் தேடிப் பார்க்கலாம். மூர் மார்க்கெட் 1985இல் தீயில் அழியும்வரை இப்படிப்பட்ட பொருளுக்கு அங்கேதான் போவார்கள். ஊசித் தட்டானால் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிக் கனத்தால் ஈயம். ஊசிகள் ஆடாமல் நெருக்கமாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம், பளபளப்பு முக்கியமில்லை. பீங்கான் பறவையின் அடியில் நிப்பான் என்று இருந்தால் பெரும்பாலும் 1921க்கு முந்தியது. ஆக்குபைட் ஜப்பான் என்று இருந்தால் 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது.

பூ இல்லாத நாளில் இவற்றைக் காட்சிக்கு வைப்பதும் நன்றே. கண்ணாடிக் குமிழுக்கு ஜன்னல் விளிம்பு. காலை வெயில் துளைகளுக்குள் புகும்போது அதன் நிறம் தெரியும். ஓவியத் தூரிகையும் பென்சிலும் அதிலேயே நிற்கும். கொண்டை ஊசி வகையில் பழைய தபால் அட்டைகளையும் புகைப்படங்களையும் செருகி வைக்கலாம். கொலுவில் பூங்கா போடுகிறவர்கள் வேப்பங்கொழுந்தை இவற்றில் ஒன்றில் நிறுத்தினால் மரமாகிவிடும். கிறிஸ்துமஸ் குடிலுக்கும் அப்படியே. இந்த இரண்டையும் குழந்தைகள் தொடுவார்கள், ஆகையால் கண்ணாடி அல்லது பீங்கான் வகை மட்டும். ஈயத் தட்டை மூடிய மர ஷோகேஸில் பூட்டக் கூடாது. சில மரங்களிலிருந்து வரும் அமில ஆவி பட்டு ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடியை ஊதவோ உலர்ந்த துணியால் தட்டவோ வேண்டாம். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் எறிந்துவிட வேண்டும்.

பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணில் கனமான ஊசித் தட்டோ துளையிட்ட கண்ணாடிக் குமிழோ கிடைத்தால், காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழுவி, ஒரு கிண்ணத்தில் வைத்து, தண்டோடு ஒரு பூ வாங்கி வந்து நிறுத்திப் பாருங்கள்.