கும்பிட்டால் மனசு லேசாகிறதே, எப்படி?

"பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தா மனசு லேசாயிடும்" என்று திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாலாஜா பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வருகிறவரும் அதையேதான் சொல்வார். இது வெறும் பேச்சு இல்லை. உடம்புக்குள்ளும் மனசுக்குள்ளும் நிஜமாகவே சில வேலைகள் நடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க, பார்த்தசாரதி கோயில் மடப்பள்ளியில் வேகிற சக்கரைப் பொங்கலே போதும்.

முதலில் அரிசி. இதுதான் அன்றாட ஒழுங்கு. மனச்சோர்வு வந்தவருக்கு முதலில் குலைவது நேரம்தான். ராத்திரி தூக்கம் வராது, காலையில் எழ முடியாது, பசி தெரியாது. வழிபாடு அவருடைய நாளைக் கட்டி நிறுத்துகிறது. மார்கழி என்றால் விடியுமுன் எழுந்து குளித்து, ஈரத்தலையோடு மாட வீதியில் நடந்து, பாசுரம் பாடுகிற கோஷ்டியில் போய் நிற்க வேண்டும். ஐவேளைத் தொழுகை ஒரு நாளை ஐந்து இடத்தில் முடிச்சுப் போடுகிறது. எழுகிற நேரம் நிலைப்பட்டால் தூக்கமும் மெல்ல நிலைப்படும். அதனால் சாமி கும்பிடுவதில் பாதிப் பலன் கும்பிடக் கிளம்புவதிலேயே வந்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது தீ, அதாவது மூச்சு. பொங்கலுக்குச் சீறுகிற தீ ஆகாது, அடி பிடித்துவிடும். நாமம் ஜெபிக்கும்போது மூச்சு தானாக நிதானப்படுகிறது. இத்தாலியில் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. கத்தோலிக்க ஜெபமாலையைச் சொன்னாலும் சரி, யோக மந்திரத்தைச் சொன்னாலும் சரி, மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்று இறங்கியது. இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு ஒத்துப் போயின. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மூச்சு நிதானமானால், ஆபத்து இல்லை என்று உடம்பு தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறது. எந்தச் சாமியின் பெயர் என்று நுரையீரல் பார்ப்பதில்லை.

பிறகு தண்ணீர், அதாவது கூட்டாளிகள். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் ஊரை விட்டு வந்து தனியாக இருக்கிற எத்தனையோ பேருக்கு, நாள் முழுக்க ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனால் சன்னதியில் தினமும் பார்க்கிற பட்டர், இரண்டு நாள் வராவிட்டால் "என்ன, ஆளையே காணோம்?" என்பார். ரமலானில் வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறக்க உட்கார்ந்தால் பக்கத்தில் ஆள் இருப்பார். அங்கே பல பத்தாண்டுகளாக உணவு பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த இந்துக்கள். 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986இல் சென்னையில் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார், பிறகு இதே ஊரில் தற்கொலைகளை ஆராய்ந்தார். இறந்தவர்களிடம் கடவுள் நம்பிக்கையும் வழிபாட்டு இடங்களுக்குப் போகும் பழக்கமும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன என்று 1999இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. நம்பிக்கை மட்டுமே காப்பாற்றியது என்று இதற்கு அர்த்தமில்லை. நோய் முற்றினால் கோயிலுக்குப் போகவும் கால் வராது. ஆனாலும் இந்தத் தொடர்பைத் தள்ளிவிட முடியாது.

இப்போது வெல்லம். "எனக்கு ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு நம்பிக்கை தருகிற பதில்தான் அந்த இனிப்பு. ஆனால் சமைத்தவர்களுக்குத் தெரியும், அரிசி வேகுமுன் வெல்லத்தைப் போட்டால் அப்புறம் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அரிசி வேகாது, நறுக்கு நறுக்கென்றே நிற்கும்.

நாம் வீடுகளில் செய்கிற தவறு இதுதான். தூங்காமல், சாப்பிடாமல், சாவைப் பற்றி யோசித்துக் கிடக்கிறவரிடம் போய், "பகவான் மேல பாரத்தைப் போடு, உனக்கு நம்பிக்கை பத்தல" என்கிறோம். அவருக்கு ஏற்கெனவே நோய் இருக்கிறது, இப்போது குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்ற எண்ணத்தோடு போராடியவர்களுக்கு இறக்கும் அபாயம் கூடுதலாக இருந்தது. இன்னொரு வகையும் உண்டு. தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவைச் சரியாகச் செய்தோமா என்று பத்து முறை திரும்பச் செய்கிறவர், சாமி படத்தைப் பார்த்தாலே கெட்ட எண்ணம் வருகிறதே என்று நடுங்குகிறவர். இது பக்திக் குறைவு இல்லை, எண்ணச் சுழற்சி நோய். இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

அப்படியானால் கோயிலில் தங்கிக் குணமானவர்கள் கதை பொய்யா? இல்லை. திண்டுக்கல் பக்கம் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்கள் கவனித்து 2002இல் எழுதினார்கள். பெரும்பாலானவர்களுக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக 6 வாரம் தங்கினார்கள். நோய்க்குறி மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆக இறங்கியது. பெரிய சடங்கு எதுவும் நடக்கவில்லை. கோயிலைப் பெருக்கினார்கள், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், வேளைக்குச் சாப்பிட்டார்கள், யாரும் அவர்களை விரட்டவில்லை. அரிசியும் தண்ணீரும் நிதானத் தீயும்தான் அங்கே வேலை செய்தன. குறைந்தது நோயின் கடுமை, நோயே போய்விடவில்லை.

இவை எதுவும் இல்லாமல் நம்பிக்கையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். அங்கே உள்ள தர்காவை நம்பி வந்தவர்களைத் தனியார் காப்பகம் ஒன்று சங்கிலியில் கட்டி வைத்திருந்தது. விடியற்காலையில் தீப்பிடித்தபோது அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநல நோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. இன்று அதே ஏர்வாடி தர்காவில் துஆ என்கிற பிரார்த்தனையோடு மருந்தும் தருகிற ஏற்பாடு இருக்கிறது. திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்குகிறவர்களை மனநல மருத்துவரும் பார்க்கிறார். எனக்கு மிகவும் பிடித்தவை இந்த இரண்டு ஏற்பாடுகளும்தான். வேண்டுதலை யாரும் கைவிட வேண்டியதில்லை, மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை.

விரதம் இருக்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர் வைகுண்ட ஏகாதசியன்றோ ரமலானிலோ தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால், உடம்பில் நீர் குறைந்து ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக ஏறலாம். கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதனால் விரதத்துக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா, விரதமே வேண்டாமா என்று அவர் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்வார். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதைப் பள்ளிவாசல் இமாமே சொல்வார். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.