உங்களுக்குத் தெரியுமா? மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்ட சட்டம்

1858 ஆகஸ்ட் 2. கிழக்கிந்தியக் கம்பெனியின் கையிலிருந்த இந்தியாவை விக்டோரியா மகாராணியின் நேரடி ஆட்சிக்கு மாற்றிய சட்டம் அரச ஒப்புதல் பெற்ற நாள். அதே நாளில் ஒப்புதல் பெற்ற இன்னொன்று, லண்டன் சாக்கடைச் சட்டம்!

அந்தக் கோடையில் வெயில் கொளுத்தியது. நகரத்துக் கழிவெல்லாம் நேராகத் தேம்ஸ் நதியில்தான் விழுந்தது. ஃபிளஷ் கழிப்பறைகள் பெருகியதும் நிலைமை இன்னும் மோசம். நாடாளுமன்றமோ நதிக்கரையிலேயே இருக்கிறது. நாற்றத்தைத் தடுக்கத் திரைச்சீலைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலி ஒரு கையில் காகிதக் கட்டும் மறு கையில் மூக்கை மூடிய கைக்குட்டையுமாகக் கமிட்டி அறையை விட்டு ஓடிவந்தார். ஆண்டுக்கணக்காக இழுத்தடித்த விவகாரம், நாடாளுமன்ற உறுப்பினர்களின் மூக்கைத் தொட்டதும் 18 நாளில் சட்டமாகிவிட்டது. 30 லட்சம் பவுண்டு கடன் வாங்கவும் அனுமதி!

பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் சுமார் 130 கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்கல்லில் பிரதானச் சாக்கடைகள் கட்டிக் கழிவை நகருக்குக் கிழக்கே திருப்பினார். நாற்றம்தான் நோயைப் பரப்புகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. காலரா பரவுவது குடிநீரால் என்று வாதாடிய டாக்டர் ஜான் ஸ்னோ, அதே 1858 ஜூனில் இறந்துபோனார். 1866-ல் லண்டனில் கடைசியாகக் காலரா பரவியபோது பெரிதும் அடிபட்டது கிழக்கு லண்டன். புதிய சாக்கடைப் பணி இன்னும் முடியாத பகுதி அது.