பிரதர், கொஞ்சம் தூக்கி விடுங்க

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். போன எபிசோட்ல பேச்சுவாக்குல "நான் நர்ஸ்"ன்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: ஆம்பள நர்ஸ்னா என்ன வேலை செய்வீங்க? சரி, அதையே பேசிடுவோம்.

படிச்சது நாலு வருஷ பிஎஸ்சி நர்சிங். எட்டு வருஷமா சென்னையில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில வேலை. முதல்ல கேஷுவல்டி, இப்போ ஐசியு.

பேர்லயே சிக்கல் ஆரம்பிச்சிடுது. தமிழ்ல எங்களை செவிலியர்னு சொல்றோம். ஸ்கூல்ல சங்கப் பாட்டு படிச்சிருந்தா செவிலித்தாய் ஞாபகம் இருக்கும். தலைவியை வளர்த்தவங்க, தோழியோட அம்மா. அந்த வார்த்தைக்குள்ளயே ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. அதனால எனக்கு மட்டும் முன்னாடி 'ஆண்' ஒட்ட வேண்டியிருக்கு. வார்டுல அந்தக் குழப்பமே இல்ல. பொண்ணுன்னா சிஸ்டர், ஆம்பளைன்னா பிரதர், அவ்வளவுதான்.

இந்த பிரதர் ஏதோ சிஸ்டருக்கு எதிர்ப்பதமா நாம கண்டுபிடிச்சதுன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அப்படி இல்ல. ஐரோப்பாவுல துறவிங்க ரொம்ப காலமா நோயாளிகளைக் கவனிச்சிருக்காங்க. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில காமில்லஸ்னு ஒருத்தர், முன்னாள் படைவீரர், நோயாளிகளைப் பார்த்துக்கறதுக்காகவே ஒரு ஆண் துறவிகள் சபை ஆரம்பிச்சார். அவங்க அங்கியில சிவப்புச் சிலுவை இருக்கும். 1860ல லண்டன்ல நைட்டிங்கேல் பேர்ல பயிற்சிப் பள்ளி தொடங்கினப்போ அது பெண்களுக்கான பள்ளி. அந்த மாதிரிதான் பிரிட்டன்லயும் அவங்க ஆண்ட நாடுகள்லயும் பரவுச்சு. பிரிட்டன்லயே 1949 வரைக்கும் ஆண் நர்ஸ்களுக்குத் தனிப் பதிவேடுதான்.

இப்போ வார்டுக்கு வருவோம். நான் உள்ள நுழைஞ்சா பாதிப் பேர் "டாக்டர்"னு கூப்பிடுவாங்க. பக்கத்துல நிக்கிற லேடி டாக்டரை "சிஸ்டர், ட்ரிப் தீரப் போகுது"ன்னு கூப்பிடுவாங்க. அவங்க எம்டி முடிச்சவங்க. நான் திருத்துவேன், ஆனா உண்மையைச் சொல்லணும்னா முதல் வருஷம் பல தடவை திருத்தாம விட்டிருக்கேன். கேக்க நல்லா இருந்துச்சு. கிறிஸ்டின் வில்லியம்ஸ்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1992லயே இதைப் பத்தி எழுதியிருக்காங்க. பெண்கள் அதிகமா இருக்கிற வேலைக்கு வர்ற ஆண்களை, கண்ணுக்குத் தெரியாத ஒரு எஸ்கலேட்டர் மேல தூக்கிட்டுப் போகுதுன்னு. அதனால இந்த எபிசோட் முழுக்க புலம்பலா இருந்தா நீங்க நம்பாதீங்க.

ஆனா அதே ஆம்பள உடம்புக்கு இன்னொரு பக்கம் இருக்கு. ஒரு ஷிஃப்ட்ல நான் அதிகமா கேக்குற வார்த்தை, "பிரதர், கொஞ்சம் தூக்கி விடுங்க". குண்டான பேஷன்ட்டைத் திருப்பணுமா, குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்றவரைப் பிடிக்கணுமா, சிலிண்டர் நகர்த்தணுமா, பிரதரைக் கூப்பிடு. அதே பிரதர் ஒரு பேஷன்ட்டைத் தொட்டுப் பார்க்கணும்னா மட்டும் எல்லாரும் தயங்குவாங்க.

இந்தத் தயக்கம் விதியாவே எழுதப்பட்டிருக்கு. நம்ம ராணுவ நர்சிங் சேவைக்கான 1943ஆம் வருஷச் சட்டம் பெண்களை மட்டும்தான் சொல்லுது. ஆண்கள் நர்சிங் அசிஸ்டென்ட் சிப்பாயா சேரலாம், நர்சிங் அதிகாரியா வர முடியாது. எய்ம்ஸ்ல 2019ல ஒரு முடிவு எடுத்தாங்க: நர்சிங் ஆபீசர் வேலைகள்ல 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. பெண் நோயாளிகளுக்குப் பெண் நர்ஸ் வேணும்ங்கறதுதான் அதுக்குப் பொதுவா சொல்ற நியாயம். அதை நான் அடியோட தள்ள மாட்டேன். ஏன்னா நான் ஒரு ராத்திரி அதே தயக்கத்துல மாட்டியிருக்கேன்.

கேஷுவல்டியில எனக்கு ரெண்டாவது வருஷம். ஐம்பது வயசு தாண்டின ஒரு அம்மா. தாடையில வலி, முதுகுல வலி, புடவை நனையற அளவுக்கு வேர்வை. "வாயுதான் தம்பி, ஒரு ஊசி போட்டா சரியாயிடும்"னு சொல்றாங்க. மாரடைப்பு சந்தேகம்னா பேஷன்ட் வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுக்கணும். அடைப்புல இருக்கிற இதயத் தசை ஒவ்வொரு நிமிஷமும் செத்துட்டே இருக்கும். ஈசிஜியில நெஞ்சுல ஆறு இடத்துல ஒட்டணும். அதுல கடைசி மூணு, பெண்களுக்கு, இடது மார்புக்குக் கீழ வரும்.

திரைக்கு வெளிய மருமகன் நிக்கிறார். "லேடி நர்ஸ் யாரும் இல்லையா?" கோபமா கேக்கல, சாதாரணமாத்தான் கேட்டார். இருந்த ஒரே சிஸ்டர் வேற ஃப்ளோருக்குப் போயிருந்தாங்க. டூட்டி டாக்டர் ஆக்சிடென்ட் கேஸ்ல கை வெச்சிட்டிருந்தார். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் இன்னொரு பிரதர் மேல ஒரு புகார் வந்து, விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டு ஒரு வாரம் முகம் செத்துப் போய்த் திரிஞ்சார். நான் சொன்னேன், "வந்துடுவாங்க சார்."

பிபி பார்த்தேன், சுகர் பார்த்தேன், ஊசி வழி போட்டேன். எல்லாம் செய்ய வேண்டியதுதான். ஆனா எதுக்காக இழுக்கிறேன்னு எனக்குத் தெரியும். சிஸ்டர் வந்து ஈசிஜி எடுத்தாங்க. இதயத்தோட கீழ்ப் பக்கச் சுவர்ல அட்டாக். உடனே கேத் லேபுக்குக் கொண்டு போனாங்க, பிழைச்சாங்க.

ஈசிஜி பேப்பர்ல நேரம் அச்சாகும். பதிவுச் சீட்டுலயும் அச்சாகும். 2:11. 2:33. யாரும் அந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கல. நான் பார்த்தேன். 22 நிமிஷம்.

அந்த ஆம்பள டூட்டி டாக்டர் வந்து ஸ்டெத் வெச்சிருந்தா மருமகன் எதுவும் கேட்டிருக்க மாட்டார். நானும் தயங்காம பக்கத்துல நின்னிருப்பேன். கோட்டுக்கு இருக்கிற அனுமதி யூனிஃபார்முக்கு இல்ல. ஆனா அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த அம்மாகிட்ட நான் கேக்கவே இல்லையே. மருமகன்கிட்டதானே பதில் சொன்னேன்!

இதை எப்படிச் செய்யணும்னு காலேஜ்ல எங்களுக்கு யாரும் கத்துக்கொடுக்கல. லேபர் வார்டு போஸ்டிங்ல எங்க அஞ்சு பசங்களையும் வராண்டாவுல உட்கார வெச்சு ரெக்கார்டு எழுதச் சொல்லிட்டாங்க. ஒரு சீனியர் சிஸ்டர்தான் அப்புறம் சொல்லிக் கொடுத்தாங்க. முதல்ல பேஷன்ட்கிட்ட பேசு. "அம்மா, நெஞ்சுல ஆறு ஸ்டிக்கர் ஒட்டணும். மூணு மார்புக்குக் கீழ வரும். போர்வை மேலேயே இருக்கும். நீங்களே கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கோங்க, நான் ஒட்டிடறேன்." அவங்களால முடியலைன்னா புறங்கையால நகர்த்தணும், உள்ளங்கையால இல்ல. திரைக்குள்ள மகளோ ஆயாம்மாவோ ஒருத்தர் நிக்கணும். எல்லாம் சேர்த்து ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல வேண்டாம்னு சொன்னவங்க ரெண்டே பேர். அவங்களுக்கு சிஸ்டரைக் கூப்பிட்டேன். அது அவங்க உரிமை, அதுல எனக்கு வருத்தம் இல்ல.

இதோட மறுபக்கம் யாரும் பேசுறதில்ல. ஒரு ரிட்டயர்டு வாத்தியார், ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள். சிஸ்டருங்க கேக்கும்போதெல்லாம் "ஒண்ணும் இல்லம்மா". ராத்திரி நான் போனதும் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா, "தம்பி, காலையிலேர்ந்து ஒண்ணுக்கு சரியா போகல." வயித்துல கை வெச்சா மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு. டியூப் போட்டதும் கிட்டத்தட்ட 900 மில்லி வந்துச்சு. அந்த வார்டுல ஒரு பகல் முழுக்க அவர் யார்கிட்டயும் சொல்லாம அடக்கிட்டு இருந்திருக்கார்.

கல்யாணம் பத்தியும் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எங்க அத்தை ஜாதகத்தோட கொடுக்கிற பேப்பர்ல 'மெடிக்கல் லைன்'னு எழுதியிருந்தாங்க. ஒரு வீட்டுல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன்னு நினைச்சு வந்துட்டாங்க. நர்ஸ்னு கேட்டதும் காபி குடிச்சிட்டுக் கிளம்பிட்டாங்க. ஆனா அப்போ என் சம்பளம் 14,000. எதுக்காகக் கிளம்பினாங்கன்னு உறுதியாச் சொல்ல முடியாது.

சம்பளம்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1982ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல ஒரு வழக்கு. மிசிசிப்பியில பெண்களுக்கான அரசுப் பல்கலைக்கழகம் ஜோ ஹோகன்ங்கற ஆணுக்கு நர்சிங்ல இடம் தர மறுத்துச்சு. அவர் ஜெயிச்சார். தீர்ப்பு எழுதினது சாண்ட்ரா டே ஓ'கானர், அந்தக் கோர்ட்டோட முதல் பெண் நீதிபதி. ஆண்களை ஒதுக்கினதால நர்ஸ்களோட சம்பளமே குறைஞ்சு போச்சுன்னு நர்ஸ் சங்கத்துக்காரங்க சொன்னதை அவங்க ஒரு அடிக்குறிப்புல சேர்த்திருக்காங்க. பெண்கள் வேலைன்னா கம்மியா கொடுத்தா போதும்ங்கற கணக்கு. எங்க ஐசியுவுல சிஸ்டர்ஸ் இதைக் கேட்டுட்டு, "அப்போ உங்களை மாதிரி நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க, எங்களுக்கும் ஏறட்டும்"னாங்க.

கேள்வி இருந்தா அனுப்புங்க. நாளையிலேர்ந்து ஒரு வாரம் எனக்கு நைட் டூட்டி, பதில் கொஞ்சம் லேட்டாகும்.