காலையில் நோயாளி, பிறகு கோப்பு

ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் நாடி பிடித்துப் பார்த்து மருந்துச்சீட்டு எழுதித் தருவாரா? மேற்கு வங்கத்தில் ஒருவர் அப்படித்தான் செய்தார். டாக்டர் பிதான் சந்திர ராய். 1948 ஜனவரியில் முதலமைச்சரான பிறகும், காலை வேளையில் வீட்டுக்கு வரும் ஏழை நோயாளிகளைக் காசு வாங்காமல் பார்த்துவிட்டுத்தான் கோப்புகளிடம் போவார்.

1882-இல் பாட்னாவில் பிறந்தவர். மேற்படிப்புக்காக லண்டன் சென்றபோது, புனித பார்த்தலோமியு மருத்துவமனைக் கல்லூரி அவருக்கு இடம் தர மறுத்தது. மனிதர் விடவில்லை. ஏறக்குறைய முப்பது முறை விண்ணப்பித்தார் என்பார்கள். கடைசியில் அவர்கள்தான் இறங்கி வந்தார்கள். எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். என்ற இரண்டு பெரிய பட்டங்களையும் இரண்டேகால் ஆண்டுகளில் முடித்து 1911-இல் ஊர் திரும்பினார்.

1923 தேர்தலில் அவர் தோற்கடித்தது சாமானியரை அல்ல, வங்கத்தின் மூத்த தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜியை! பிறகு கல்கத்தா மேயரானார். காந்தியடிகளுக்கும் வைத்தியம் பார்த்தார். அவரை மருந்து சாப்பிட வைப்பது, தேர்தலில் ஜெயிப்பதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

பிரிவினைக்குப் பின் அகதிகள் வெள்ளமாக வந்த மாநிலம் அவர் கைக்கு வந்தது. துர்காப்பூர், கல்யாணி போன்ற நகரங்கள் அவர் காலத்தில்தான் உருவாகின. 1961-இல் பாரத ரத்னா. மறு ஆண்டு, ஜூலை 1-ஆம் தேதி, தம் எண்பதாவது பிறந்தநாளிலேயே காலமானார். அந்த நாளைத்தான் நாம் தேசிய மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறோம்.