செய்து பார்த்தால் வருவதில்லை

பெர்க்லியில் ஒரு ஆய்வகம், பாஸ்டனில் ஒரு ஆய்வகம். இரண்டும் சேர்ந்து மார்பகத் திசுவிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தன. ஒரே செய்முறைதான், ஆனாலும் முடிவு மட்டும் ஒத்துவரவில்லை. கருவியா, வேதிப்பொருளா, திசுவா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டே ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. கடைசியில் இரு தரப்பும் அருகருகே நின்று வேலை செய்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. திசுவை நொதியில் போட்டபின் ஓரிடத்தில் வேகமாகக் கலக்கி 6 முதல் 8 மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். இன்னோரிடத்தில் மெல்ல ஆட்டியபடி 24 மணி நேரம் வரை விடுகிறார்கள். கலக்குவதில் என்ன இருக்கிறது என்று இருவருமே அதைப் பேசிக்கொள்ளவில்லை. 2014-இல் இதை அவர்களே கட்டுரையாக எழுதினார்கள்.

கூட்டாளிகளுக்கே இந்த நிலை. அச்சான கட்டுரை ஒன்றை மட்டும் நம்பி அதே சோதனையில் இறங்கும் ஆராய்ச்சி மாணவி யாரிடம் போய்க் கேட்பாள்?

உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 36 சதவீதம்தான் தேறின என்று 2015-இல் வந்த செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதிலிருந்து பேச்செல்லாம் மோசடி பற்றியும் புள்ளிவிவரத்தை வளைப்பது பற்றியும்தான். அவையும் நடக்கின்றன. ஆனால் அவற்றைவிடப் பெரிய ஓட்டை, செய்முறையை முழுதாக எழுதாமல் விடுவது.

புற்றுநோய் உயிரியலில் நடந்த மறுஆய்வுத் திட்டத்தைப் பாருங்கள். பெயர்பெற்ற 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூல ஆய்வாளரிடம் கேட்காமல், கட்டுரையை வைத்தே செய்துவிடக்கூடிய சோதனை அவற்றில் ஒன்றுகூட இல்லை. கேட்டபோது மனமுவந்து உதவியவர்களும் உண்டு, பதிலே போடாதவர்களும் உண்டு. எட்டு ஆண்டு உழைப்புக்குப்பின் 2021-இல் முடிவு வந்தபோது செய்ய முடிந்தது 50 சோதனைகள். அவற்றில் பலவற்றின் விளைவு முதலில் சொன்னதைவிட மிகவும் சுருங்கியிருந்தது என்பதுதான் தலைப்புச் செய்தி. எனக்கு உறுத்துவது மிச்சமுள்ள 143. அவை சரியா தவறா என்று சோதிக்கவே வழியில்லாமல் போனது.

செல்லும் எலியும் உயிருள்ளவை, இடத்துக்கு இடம் மாறத்தான் செய்யும், ஒருமுறை வரவில்லை என்பதால் மூல ஆய்வு பொய்யாகிவிடாது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நியாயம்தான். அதற்காகவேதான் எப்படிக் கலக்கினோம் என்பதுவரை எழுத வேண்டியிருக்கிறது.

எழுதாததன் விலையைக் கொடுப்பவர்கள் இளையவர்கள். சோதனை வரவில்லை என்றதும் மாணவி முதலில் சந்தேகப்படுவது தன் கையை. வழிகாட்டியும் அதையேதான் சந்தேகப்படுகிறார். உதவித்தொகைக் காலம் கரைகிறது. வராத சோதனையை எந்த இதழும் ஆசையாகப் போடுவதில்லை என்பதால், வேறொரு ஊரில் இன்னொருவர் அதே கட்டுரையை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் மாட்டிக்கொள்கிறார். எத்தனை பேர் இப்படி ஆராய்ச்சியையே விட்டுப் போனார்கள் என்ற கணக்கு எந்த அறிக்கையிலும் வராது.

கரிம வேதியியலில் 1921-இல் தொடங்கிய ‘ஆர்கானிக் சிந்தசிஸ்’ என்ற வெளியீடு இருக்கிறது. அங்கே அனுப்பும் செய்முறையை ஆசிரியர் குழுவினருள் ஒருவரின் ஆய்வகத்தில் செய்து பார்த்து, வந்தால்தான் அச்சேற்றுகிறார்கள். குடுவையின் அளவு, எவ்வளவு நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுவது, நிறம் எப்போது மாறும் என எல்லாம் எழுதப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் வளர்க்க வேண்டிய எலிக்கு அந்த அளவு சோதனை நடக்காது. ஆனால் ஆய்வகக் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கட்டுரையோடு இணையத்தில் ஏற்றச் சொல்ல முடியும். ஏற்றாத கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பட்டும்.