வண்டிக்கும் இருமல் வரும்!

ராத்திரி குழந்தை இருமினால் நமக்குத் தூக்கக் கலக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, அது சளி இருமலா, வறட்டு இருமலா என்று! டாக்டரிடம் போனால், "எப்போது அதிகம் இருமுகிறான்? படுத்தாலா, ஓடியாடினாலா? விடியற்காலையிலா?" என்று கேட்பார். நாம் சொல்லும் பதிலிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

அந்தக் காதை வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கொஞ்சம் கொடுங்களேன், சகோதரிகளே! "அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று நானும் ஒதுங்கியிருந்தவள்தான். ஒரு சத்தம் என்னை மாற்றிவிட்டது.

எங்கள் வீடு பெரம்பலூரில். என் கணவருக்கு வேலை அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில். போக ஏறக்குறைய 30 கிலோமீட்டர், வர 30. அந்தச் சாலையை உங்களில் பலர் அறிவீர்கள். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் வரிசை கட்டி வரும். இரவு ஷிப்டு முடிந்து அவர் வீடு திரும்பும்வரை எனக்கு அடுப்படியில் கை ஓடாது. பழைய வண்டி அடிக்கடி நின்றுபோகிறதே என்று என் சங்கிலியை வங்கியில் அடகு வைத்து முன்பணம் கட்டினோம். மீதிக்கு மாதத் தவணை. புது வண்டி வந்தது. வாசலில் கோலம் போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம்.

இரண்டே மாதம். ஒருநாள் காலை அவர் வண்டியைக் கிளப்பியபோது, டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல 'கரகர கரகர' என்று ஒரு சத்தம்! இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும்.

"ஏங்க, இது என்னங்க சத்தம்?" என்றேன்.

"புது வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"சாரை வரச் சொல்லுங்க மேடம்!"

வண்டி வாங்கிய ஊரையும் கடையையும் நான் சொல்லப் போவதில்லை. எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான் இது.

முதல் தடவை போனோம். "புது எஞ்சின்தானே, ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். இரண்டாவது தடவை வண்டியைக் கழுவி, ஆயில் மாற்றி, பில்லும் கொடுத்தார்கள். மறுநாள் விடிந்ததும் பழைய 'கரகர'தான்! மூன்றாவது தடவை அவருக்கு ஷிப்டு. என் தம்பி வண்டியை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். சர்வீஸ் அட்வைசர் வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். சத்தம் இல்லவே இல்லை. ஊர் தாண்டி வந்த எஞ்சின், கொதிக்கக் கொதிக்க இருந்தது.

"சத்தமே இல்லையே மேடம். உங்களுக்கு என்ன தெரியும்? சாரை வரச் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கண் கலங்கிவிட்டது.

கேட்கத் தெரிந்த கை

அந்த ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் அழைத்துப் போனார் என் கணவர். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை.

"இதை நான் பிரிச்சேன்னா, 'வெளியே பிரிச்சுட்டீங்க, வாரண்டி கிடையாது'ன்னு கடைக்காரன் கையை விரிச்சுடுவான். பிரிக்கக் கூடாதும்மா. ஆனா காதால கேக்குறதுக்கு என்ன வாரண்டி? இன்ஜின் நல்லா ஆறட்டும். சாயங்காலம் வாங்க" என்றார்.

பஸ் பிடித்துக் கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பினோம். ஆறிப்போன வண்டியைக் கிளப்பியதுமே 'கரகர'! அவர் ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினின் மேல் ஒவ்வோர் இடமாக வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதேதான்! ஒரு பக்கத்தில் வைத்ததும் தலையாட்டினார்.

"டைமிங் செயின் பக்கம் கேக்குது. டென்ஷனர் சரியா பிடிக்கலைன்னு நினைக்கிறேன். பிரிச்சுப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம்."

எஞ்சினுக்குள்ளே ஒரு சின்னச் சங்கிலி ஓடுகிறது. வால்வுகள் நேரம் தவறாமல் திறந்து மூட அதுதான் காரணம். சங்கிலி தொய்யாமல் அழுத்திப் பிடிப்பது டென்ஷனர். அது சரியாகப் பிடிக்காவிட்டால் தொய்ந்த சங்கிலி பக்கத்தில் அடித்துக்கொள்ளும். அப்படியே விட்டுவிட்டால் நாளடைவில் சங்கிலி பல் தாண்டி, ஓடுகிற வண்டி நின்றுவிடலாம்; வால்வும் வளையலாம். லாரிகளுக்கு நடுவே, நடுராத்திரியில் அப்படி நின்றால்? எனக்கு அடிவயிறு கலங்கியது.

எந்தச் சத்தம், எந்த நோய்?

அன்று அவர் சொல்லிக் கொடுத்ததையும், பிறகு நான் தெரிந்துகொண்டதையும் தருகிறேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, திறந்த வெளியில் கேட்க வேண்டும்.

நின்றுகொண்டிருக்கும்போது சத்தம் இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறதா? எஞ்சினை விட்டுவிடுங்கள். வெளிச் செயின் தொய்ந்திருக்கலாம், காய்ந்திருக்கலாம். சக்கரத்து பேரிங்காகவும் இருக்கலாம்.

நிற்கும்போதே சத்தம் வருகிறது, ஆனால் கிளட்சைப் பிடித்தால் மாறுகிறது அல்லது நின்றுவிடுகிறதா? கிளட்ச் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

தையல் மெஷின் ஓடுவதுபோல் 'டிக் டிக்' என்று சீராக வந்து, வேகம் கூட்டினால் அதுவும் கூடுகிறதா? டாப்பெட் இடைவெளி அதிகமாகியிருக்கலாம். பெரும்பாலும் சின்ன வேலைதான்.

கரகரவென்று ஒரு பக்கமாக வந்து, ஆறிய எஞ்சினில் அதிகமாகவும் சூடானபின் குறைவாகவும் இருக்கிறதா? எங்கள் வண்டிக்கு வந்த டைமிங் செயின் கோளாறாக இருக்கலாம்.

சைலென்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் 'புஸ் புஸ்' என்று வந்தால் அங்கே புகை கசிகிறது.

மேட்டில் ஏறும்போது மட்டும் 'கிணுகிணு'வென்றால், எஞ்சின் திணறுகிறது. தப்பான கியரில் ஏறுகிறோமா என்று முதலில் பாருங்கள்.

அடியிலிருந்து 'கொட கொட' என்று கனத்த சத்தம் வந்தால், உடனே நிறுத்திவிடுங்கள். மேலே ஓட்டக் கூடாது. இதுதான் பெரிய நோய்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஆயிலைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓட விட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளவுக் குச்சியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் எஞ்சின் எங்கெங்கோ சத்தம் போடும். எங்கள் பக்கத்துப் புழுதிக்கு ஏர் ஃபில்டரையும் புத்தகத்தில் போட்டிருப்பதைவிடச் சீக்கிரமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. வேறொரு நாள் கேட்ட கிலுகிலுப்புக்காக நான் பயந்து நடுங்கினேன். கடைசியில் அது சாரி கார்டில் கழன்ற ஒரு போல்ட்! முதலில் கையால் ஆட்டிப் பாருங்கள்.

வாயை மூடி, பேனாவைத் திற!

மெக்கானிக் பெரியவர் சொன்ன இன்னொரு வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. "நீங்க 'சத்தம் வருது'ன்னு சொன்னா அவன் 'வரலை'ம்பான். எப்போ வருதுன்னு எழுதிக் குடும்மா."

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஏழு நாள் எழுதினேன். தேதி, மணி, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், சத்தம் எத்தனை நேரம் நீடித்தது, எந்தப் பக்கம். ஒவ்வொரு விடியலிலும் செல்போனில் சத்தத்தைப் பதிவும் செய்தேன். ஏழு நாளும் ஒரே கதைதான்: ஆறிய எஞ்சின் என்றால் சத்தம், சூடானால் இல்லை. கடைக்காரர்கள் கேட்டதெல்லாம் சூடான எஞ்சினைத்தான்! அவர்கள் பொய் சொன்னார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை.

நான்காவது தடவை சாயங்காலமாகப் போனோம். "வண்டி ராத்திரி இங்கேயே இருக்கட்டும். காலையில் நாங்கள் வந்தபின், எங்கள் எதிரில் கிளப்புங்கள்" என்றேன். ஜாப் கார்டில் 'பொதுப் பரிசோதனை' என்று எழுதப் போனவரை நிறுத்தி, 'ஆறிய நிலையில் எஞ்சினில் சத்தம். நான்காவது முறை' என்று எழுத வைத்து, ஒரு பிரதி வாங்கிக்கொண்டேன். முந்தைய பில்கள், சர்வீஸ் புத்தகம், என் ஏழு நாள் கணக்கு எல்லாவற்றையும் நகலெடுத்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் போன் செய்து புகாரைப் பதிந்தேன். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

மறுநாள் காலை, அதே அட்வைசர், அதே வண்டி, அதே 'கரகர'! இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்க்கப் பத்து நாள் ஆயிற்று. பிரித்தார்கள்; டென்ஷனர்தான். வாரண்டியிலேயே மாற்றினார்கள். ஒரு பைசா வாங்கவில்லை.

அவர்கள் மசியவே இல்லை என்றால்?

அதற்கும் வழி இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-ல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் நமக்குப் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். கடையையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகக் காட்டுங்கள்.

ஆனால் கேட்பதை அளந்து கேட்க வேண்டும். மாருதி கார் ஒன்றின் கிளட்ச் கோளாறு உச்ச நீதிமன்றம் வரை போனது. பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டி. அதற்காக முழுக் காரையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006-ல் தீர்ப்பாயிற்று. 'புது வண்டியே கொடு' என்று கோபத்தில் கேட்பதைவிட, 'இந்தப் பாகத்தை மாற்று, அலைந்த செலவைக் கொடு' என்று கேட்பது நிற்கும்.

'புது வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்றால் அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். பெரிய கம்பெனிகளுக்கும் தவறு நேர்கிறது. சென்னையில் இருக்கும் ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 2021 மே மாதம் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயில் கோளாறால் எஞ்சின் விட்டு விட்டு ஓடலாம் என்று அவர்களே அறிவித்தார்கள். தவறைச் சொல்வது அவமானம் இல்லை. கேட்பதும் அவமானம் இல்லை.

ஒரு நிமிடம், தாய்மார்களே!

மூடிய அறையிலோ, கதவடைத்த ஷெட்டிலோ எஞ்சினை ஓட விட்டுக் கேட்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், அதற்கு மேலும் போய்விடும்.

புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஓடும் சக்கரத்தின் அருகே குனிய வேண்டாம். செயினில் கை வைப்பதென்றால் எஞ்சினை அணைத்து, சாவியையும் எடுத்துவிடுங்கள்.

சைலென்சர் அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும். குழந்தையின் கெண்டைக்கால் உயரம்தான் அது. பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் தடவாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இலவச சர்வீஸ்களைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் முத்திரை வாங்குங்கள். பில்களை ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள்.

இப்போதும் விடியற்காலையில் அவர் வண்டியைக் கிளப்பும்போது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் ஒரு நிமிடம் காது கொடுக்கிறேன். சீரான ஓட்டம். "என்ன டாக்டரம்மா, போகலாமா?" என்று கேலி செய்கிறார். "ம், போய்ட்டு வாங்க" என்கிறேன். பால் பொங்குவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிடுகிறது.