ஒரு மாத்திரைத் தூரம்

குறில் எழுத்து ஒன்றைச் சொல்ல ஆகும் நேரம் ஒரு மாத்திரை. அது எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு தடவை கண்ணை இமைத்துப் பார், இல்லையென்றால் விரலை நொடித்துப் பார் என்கிறது தமிழ் இலக்கணம். தொல்காப்பியக் காலத்திலிருந்து அதுதான் கணக்கு. இன்றைய கருவிகளை வைத்து அளந்தால் இயல்பான ஓர் இமைப்பு ஏறக்குறைய 0.3 நொடி வருகிறது. உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரம் கணக்கிலேயே வராது. காட்டுப் பாதையில் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருப்பவருக்கு அது மூன்று மீட்டருக்கும் மேல்.

இந்த மூன்று மீட்டர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1976 அக்டோபர் 21 அன்று, கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபேக்ஸ் என்ற சிற்றூரை ஒட்டிய மலையில், சில இளைஞர்கள் பழைய குண்டு டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண்பாதையில் இறக்கப் பந்தயம் விட்டார்கள். அந்தச் சைக்கிள்களின் பின்சக்கர பிரேக் இறங்கி முடிப்பதற்குள் கொதித்துவிடும். உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும். ஒவ்வொரு தடவையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. மவுண்டன் பைக் விளையாட்டின் பிறப்பைச் சொல்லும் யாரும் இந்தப் பாதையைத் தாண்டிப் போவதில்லை. தூரம் சுமார் 3 கிலோமீட்டர், இறக்கம் 400 மீட்டர். கேரி ஃபிஷர் அதை நான்கரை நிமிடத்துக்குள் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 11 மீட்டர். அன்றைய புகைப்படங்களில் ஜீன்ஸும் கனத்த பூட்ஸும் கையுறையும் தெரிகின்றன. ஹெல்மெட்டே அபூர்வம் என்றால் கண்ணுக்குக் கவசம் யார் தேடியிருப்பார்கள்?

கண்ணுக்கு இயற்கை கொடுத்த கவசம் இமை. ஆனால் அது நடக்கிற வேகத்துக்கு அமைந்தது. எதையோ கண்டு திடுக்கிட்டு இமை கீழே வந்து சேர எப்படியும் பத்தில் ஒரு பங்கு நொடி வேண்டும். ரீபேக் வேகத்தில் அதற்குள் ஒரு மீட்டர் கடந்துவிடும். பாதையோரப் புதரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சுள்ளி இன்னும் மோசம். பக்கவாட்டில் பார்த்தால் அது ஒரு கோடு, கண்ணை நோக்கி நேராக நீட்டிக்கொண்டிருந்தால் வெறும் புள்ளி. நெருங்க நெருங்கப் பெரிதாகும் பொருளைக் கண்டுதான் மூளை பதறுகிறது. புள்ளி கடைசிக் கணம்வரை புள்ளியாகவே இருக்கும்.

சேறு வரும் வழி வேறு. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் இடம் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது, உச்சியோ சைக்கிளைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னோக்கி ஓடுகிறது. டயரில் ஒட்டிய சேறு பின்பக்கமாக ஏறி, உச்சிக்கு அருகில் பிய்த்துக்கொண்டு, முன்னும் மேலுமாகப் பறக்கிறது. கொஞ்ச தூரம் போவதற்குள் காற்று அதைத் தடுத்து மெதுவாக்கிவிடும். சைக்கிளோட்டி பின்னாலேயே வந்து, தானே எறிந்த சேற்றில் தானே முகத்தைக் கொடுக்கிறார். சேற்றில் மண் மட்டும் இருப்பதில்லை. 2007-இல் கனடாவின் ஸ்குவாமிஷிலும், மறு ஆண்டு வேல்ஸின் பில்த் வெல்ஸிலும் நடந்த மவுண்டன் பைக் பந்தயங்களுக்குப் பிறகு, ஓட்டியவர்கள் பலர் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். விலங்குகளின் சாணம் கலந்த சேறு வாய்க்குள் தெறித்ததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். வாய்க்குள் போன சேறு கண்ணை மட்டும் விட்டுவைத்திருக்காது.

கண்ணின் முன்சுவரான கருவிழியின் கனம் நடுவில் அரை மில்லிமீட்டர்தான். நோட்டுப் புத்தகத் தாள் ஐந்தை அடுக்கினால் வரும் கனம். அதன் மேல்தோல் அதில் பத்தில் ஒரு பங்கு, பாதித் தாள். அந்தப் பாதித் தாள் கிழியாதவரை பெரும்பாலான கிருமிகள் வெளியே நிற்கும். கிழித்தது செடியின் ஒரு துணுக்கு என்றால் அதோடு பூஞ்சையும் உள்ளே போகலாம். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஊர்களில் மதுரை முக்கியமானது. 1990-களில் அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் நடத்திய ஆய்வுகளில், மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவது தெரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு. புண்ணோடு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முதலில் கண்ணில் அடிபட்டிருந்தார்கள். கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் பூஞ்சை. வயல்வேலையில் கண்ணில் பட்ட உமியும் தோகையும் செய்த வேலை அது. சைக்கிள் இவர்கள் கதையில் வரவே இல்லை. ஆனால் நெல் தாளுக்கும் தேயிலைத் தோட்டத்து வேலிச் சுள்ளிக்கும் கருவிழி வித்தியாசம் பார்ப்பதில்லை. கீறல் பட்டவர் செய்யக்கூடாத காரியம், தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ ஊற்றுவது. அன்றே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இமையை நம்ப முடியாது என்று ஆனபின் லென்ஸுக்கு வருவோம். கடையில் ‘கூலிங் கிளாஸ்’ என்று கேட்டால் முதலில் நிறத்தையும் ஃப்ரேமையும் காட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது லென்ஸ் எதனால் ஆனது என்பதை. வேண்டியது பாலிகார்பனேட்.

இந்தப் பிளாஸ்டிக் 1953-இல் இரண்டு இடங்களில் பிறந்தது. ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸ், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல். ஃபாக்ஸ் தேடியது மின்கம்பிக்கு ஒரு மேலுறை. கலக்கிக்கொண்டிருந்த தண்டோடு சேர்த்து குடுவைக்குள் இருந்த கலவை இறுகிப்போனது. கண்ணாடிக் குடுவையை உடைத்து வெளியே எடுத்தார்கள், கட்டியை உடைக்க முடியவில்லை. நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் பலவும் இந்த இனம்தான். வண்டியிலிருந்து இறக்குகிறவர் கைநழுவ விட்டாலும் அது குதித்து உருளுமே ஒழிய நொறுங்குவதில்லை.

அந்தக் குணத்தின் ரகசியம் உள்ளே இருக்கிறது. கண்ணாடியில் அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்தபடி நிற்கின்றன. ஓரிடத்தில் பிடி விட்டால் விரிசல் ஓட்டமெடுக்கும், அதைத் தடுக்க எதுவும் இல்லை. பாலிகார்பனேட்டோ நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல், அவிழ்க்க முடியாமல் போன நூற்கண்டு மாதிரி. அறை வெப்பத்திலும், அதற்கு வெகு கீழேயும்கூட, சங்கிலியின் சிறுசிறு பகுதிகளுக்கு அசைய இடம் உண்டு. கல் வந்து மோதினால் அவை நகர்ந்து, உரசி, அடியை வெப்பமாக மாற்றிவிடுகின்றன. லென்ஸ் குழியலாம், வளையலாம். கூரான சில்லாகி கண்ணுக்குள் பாய்வதில்லை. இவ்வளவும் செய்துகொண்டு அது தெளிவாகவும் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். போதாததற்கு, நிறமே இல்லாத பாலிகார்பனேட்டும் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். கறுப்பாக இருந்தால்தான் புற ஊதாவைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பழையது, தவறானது.

குறைகளும் உண்டு. அது மென்மையானது, மணல் பட்டால் கோடு விழும். அதனால்தான் மேலே கடினப் பூச்சு பூசுகிறார்கள். கொசுவிரட்டிகளில் இருக்கும் டீட் என்ற வேதிப்பொருள் அதைக் கரைத்து மங்கலாக்கும். காட்டுக்குப் போகிறவர்கள் கொசுவிரட்டி தடவிய கையால் லென்ஸைத் தொடாமல் இருப்பது நல்லது.

‘உடையாது’ என்று யார் வேண்டுமானாலும் எழுதி விற்கலாம். அதைச் சோதிக்கத் தரநிலைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் சாதாரண கூலிங் கிளாஸ் தாங்க வேண்டியது, 16 கிராம் எஃகுக் குண்டு 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. தொழிற்சாலைப் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இஸட் 87.1 தரநிலையின் கடும் சோதனை வேறு ரகம். அரைக் கிலோ எடையுள்ள கூர்முனை அதே உயரத்திலிருந்து லென்ஸ்மேல் விழும். அடுத்து, 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும். சிறு குண்டுதான், ஆனால் சாதாரண கூலிங் கிளாஸ் தாங்கும் அடியைவிட ஐந்து மடங்கு ஆற்றல். தேறியவற்றில் ‘இஸட் 87 பிளஸ்’ என்று பொறித்திருப்பார்கள். ஐரோப்பியக் கண்ணாடிகள் பலவற்றில் காணும் ‘ஈஎன் 166’ என்ற எண்ணும் ‘எஃப்’ என்ற எழுத்தும் இதற்கு நெருங்கிய முத்திரை.

அடுத்தது நிறம். எனக்கும் கடைக்காரர்களுக்கும் ஒத்துவராத இடம் இது. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அடர்ந்த மரக்கூட்டத்தின் அடியில் அதில் நூறில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். பாதை இந்த இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போகிறது. வெளிச்சத்தில் கண்பாவை சட்டென்று சுருங்கும், நிழலில் விரியும்போது பல நொடிகள் எடுத்துக்கொள்ளும். இருபது மீட்டர் நிழலை நம் ஆள் இரண்டு நொடியில் தாண்டிவிடுகிறார். கண் இருட்டுக்குப் பழகும்போது வேர் ஏற்கெனவே முன்சக்கரத்துக்குக் கீழே இருக்கும். கடற்கரைக்கு ஏற்ற கறுப்புக் கண்ணாடி, தரநிலைகளில் மூன்றாம் வகை, 8 முதல் 18 சதவீதம் ஒளியைத்தான் உள்ளே விடும். அதை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைவது, திரைப்படம் தொடங்கியபின் தியேட்டருக்குள் ஓடுவது போல.

வெயிலில் தானே கறுக்கும் லென்ஸ் இதற்குத் தீர்வு போலத் தோன்றும். அதிலுள்ள மூலக்கூறு புற ஊதாக் கதிர் பட்டால் ஒரு வளையத்தைத் திறந்து நிறம் ஏற்றுக்கொள்கிறது. சுற்றியுள்ள வெப்பம் அந்த வளையத்தைத் திரும்ப மூடுகிறது. ஆகவே குளிரில் அதிகம் கறுக்கும், மெதுவாகத் தெளியும். ஒரே கண்ணாடி சென்னையில் இருப்பதைவிட ஊட்டியில் கறுப்பாக இருப்பது இதனால்தான். கறுக்க அரை நிமிடம் போதும், தெளியப் பல நிமிடங்கள். காலையில் புறப்பட்டு மதியம் திரும்பும் நீண்ட சவாரிக்கு அது நல்ல துணை. மர நிழல்களுக்கு ஈடுகொடுத்து அதனால் ஓட முடியாது.

என் யோசனை, காட்டுப் பாதை என்றால் நிறமற்றது, இல்லையென்றால் மிக இளம் நிறம். ரோஜா, ஆம்பர் நிறங்கள் நீலத்தைக் குறைத்து மண்ணின் மேடுபள்ளத்தைச் சற்று எடுத்துக் காட்டும். மஞ்சள் போட்டால் உலகமே பளிச்சென்று ஆனதாகத் தோன்றும், உண்மையில் உள்ளே வரும் ஒளி குறைகிறது. பிரதிபலிப்பைத் தடுக்கும் போலரைஸ்டு லென்ஸ் ஏரிக்கரையில் அருமை. மழை பெய்த பாதையில் எனக்கு அது பிடிக்காது. வேரின்மேல் மினுங்கும் அந்த ஈரப் பளபளப்புதான் வழுக்கும் என்று சொல்லும் முதல் சேதி.

கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் திட்டும் விஷயம் ஒன்று மிச்சம். ஏற்றத்தில் வியர்த்து மூச்சிரைத்து, மேலே போய் நின்றதும் லென்ஸில் ஆவி படிந்துவிடும். தோலையொட்டிய காற்றில் நீராவி நிறைந்திருக்கிறது, எதிர்க்காற்று பட்ட லென்ஸ் குளிர்ந்திருக்கிறது. டீக்கடையில் கண்ணாடி போட்டவர் டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது நடப்பதும் இதுதான். நம்மை மறைப்பது நீர் என்று சொல்வதைவிட நீரின் வடிவம் என்பது சரி. துளித்துளியாக நின்றால் ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடிக்கும். அதே நீர் மெல்லிய படலமாகப் பரவினால் அதன் வழியே பார்க்கலாம். ஆவி எதிர்ப்புப் பூச்சு செய்வது நீரைப் பரப்பும் வேலைதான். நீரில் மூழ்குகிறவர்கள் முகமூடிக் கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவுவதும் அதற்காகவே. 1965-இல் அமெரிக்காவில் பாப் ஸ்மித் என்ற பல் மருத்துவர், பனிச்சறுக்கு ஆசையில், இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே காற்றை அடைத்தார். உள் லென்ஸ் முகச்சூட்டிலேயே இருக்கும், ஆவி படியாது. முழுமுக ஹெல்மெட்டோடு போடும் இன்றைய காகில்ஸ் பலவற்றில் இருப்பது அந்த யோசனைதான். இறங்க மட்டுமே போகிறவருக்கு அது சரி. மிதித்து ஏறுகிறவர் அதற்குள் வெந்துபோவார், காற்றோட்டம் உள்ள மூக்குக் கண்ணாடிதான் அவருக்கு.

வாங்கும்போது ஹெல்மெட்டையும் எடுத்துப் போங்கள். காதுக்கம்பி ஹெல்மெட் பட்டையோடு சண்டை போடக்கூடாது, இமைமுடி லென்ஸில் உரசக்கூடாது. கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியே தரையின் டைல்ஸ் கோட்டைப் பார்த்தபடி மெல்ல அசையுங்கள். கோடு நெளிந்தால் வளைந்த லென்ஸைச் சரியாக வார்க்கவில்லை. பவர் உள்ளவர்களுக்கு அதிக வளைவு தொந்தரவு. உள்ளே பவர் லென்ஸைத் தனியாக மாட்டும் வகை அவர்களுக்குச் சுலபம்.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னுடையது எது என்று சொல்லாமல் போகக்கூடாது. சைக்கிள் கடையில் வாங்கியது இல்லை. கிரைண்டிங் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை, கையுறைக்கும் வெல்டிங் முகமூடிக்கும் நடுவே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நிறமற்ற லென்ஸ், காதுக்கம்பியில் இஸட் 87 பிளஸ் முத்திரை, விலை சில நூறு ரூபாய். “வெயிலுக்கு இது ஆகாதே சார், கறுப்பு இருக்கு, தரட்டுமா?” என்றார் கடைக்காரர். இதுவே போதும் என்றேன். சேறு பட்டால் துடைப்பதில்லை. மணல் கீறாமல் இருக்க, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் ஊற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்கிறேன்.